கேட்டலுக்கு அப்பால்: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் வாழ்நாள் சமயக் கல்வி

சமயத்தைக் கற்பது ஒருவர் வாழ்வில் எப்போது முடிகிறது? ஏட்டளவில் எல்லா மரபுகளும் தரும் விடை ஒன்றே: முடிவதில்லை. நடைமுறை தரும் விடை வேறு. வேத பாடசாலை மாணவனுக்கு இளமையிலேயே முடிகிறது. ஓதுவாருக்குக் கோயிலில் வேலை கிடைத்ததும் முடிகிறது. வீடும் வேலையுமாக இருக்கும் இல்லறத்தாருக்கோ பெரும்பாலும் தொடங்குவதே இல்லை; தொடங்கினாலும் பணி ஓய்வுக்குப் பிறகுதான். இந்த இடைவெளியை வெளிப்படையாகப் பேசிய மரபுகளில் யூத மரபு முன்னிற்கிறது. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ், தம் சட்டத் தொகுப்பில் கல்விக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி, ஏழை, செல்வன், நோயாளி, முதியவன் என்ற வேறுபாடின்றி ஒவ்வோர் ஆணும் பகலிலும் இரவிலும் படிப்புக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்றும், அந்தக் கடமை சாகும் நாள் வரை நீடிக்கும் என்றும் எழுதினார். வழிபாட்டைப் போலவே படிப்பும் அங்கே சட்டமாயிற்று.

தமிழ்நாட்டில் இதே கேள்வியை ஒரு வட்டாரத்தை வைத்து ஆராய வேண்டுமானால் கடலூர், சிதம்பரம் பகுதியைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. சைவத் திருமுறைகள் சிதம்பரத்தில் கண்டெடுக்கப்பட்டதாக மரபு சொல்கிறது. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள், வீரநாராயணபுரம் என்ற காட்டுமன்னார்கோயிலில் பிறந்தவர். சைவ சித்தாந்தச் சந்தான குரவர் நால்வரும் இந்த நிலப்பரப்போடும் அதையொட்டிய திருவெண்ணெய்நல்லூரோடும் பிணைந்தவர்கள். ஆறுமுக நாவலர் சிதம்பரத்தில் பள்ளி கண்டார். இராமலிங்க அடிகள் வடலூரில் சாலை கண்டார். திருப்பாதிரிப்புலியூரில் ஞானியார் மடம் சொற்பொழிவுக்குப் பேர்பெற்றது. லால்பேட்டை ஜாமிஆ மன்பவுல் அன்வார் அரபிக் கல்லூரியும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது; அதன் வரலாறு தனிக் கட்டுரைக்குரியது. இங்கே சைவத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

சித்தாந்த நூல்கள் ஞானத்துக்குக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்று நான்கு படிகளைச் சொல்கின்றன. இந்த வட்டாரம் வயதுவந்தோரின் சமயக் கல்விக்காகக் கட்டிய அமைப்புகளில் பெரும்பாலானவை முதற்படியோடு நின்றுவிட்டன என்பதே இக்கட்டுரையின் வாதம். கேட்பதற்கு மேடை இருந்தது. சிந்திப்பதற்கு, அதாவது நூலைப் பிரித்து வைத்துக்கொண்டு ஐயம் எழுப்பி வாதாடுவதற்கு, இல்லறத்தாருக்கு இருக்கை இருந்தது குறைவு. மரபே அந்த இருக்கையை மறுத்தது என்று சொல்ல முடியாது. அதன் முதல்நூல்கள் அப்படிப்பட்ட வாதாட்டத்திலிருந்தே பிறந்தவை.

மூத்த மாணவர்கள்

சந்தான குரவருள் முதல்வரான மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டினர். பெண்ணாடத்தில் பிறந்து திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்து, சிறுவயதிலேயே பன்னிரண்டு சூத்திரம் கொண்ட சிவஞானபோதத்தைக் கற்பிக்கத் தொடங்கினார் என்பது மரபு. அவருடைய தலைமாணாக்கர் அருணந்தி சிவம், இன்றைய பண்ருட்டி வட்டாரத்துத் திருத்துறையூரைச் சேர்ந்தவர். சகலாகம பண்டிதர் என்று பெயர்பெற்ற முதியவர். மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குருவாக இருந்தவர். தம் மாணவர்கள் ஒவ்வொருவராக ஒரு சிறுவனிடம் பாடம் கேட்கப் போவதை அறிந்து வெண்ணெய்நல்லூருக்கு வந்தாராம். அப்போது மெய்கண்டார் ஆணவ மலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆணவத்தின் வடிவம் எது என்று நின்றபடியே கேட்டார் பண்டிதர். மெய்கண்டார் வாய்திறக்காமல், எதிரே நின்றவரைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தார். முதியவர் காலில் விழுந்தார்.

இந்தக் கதையைப் பணிவின் பாடமாகச் சொல்வது வழக்கம். கல்வி வரலாற்றின் பக்கம் நின்று பார்த்தால் அதற்குப் பிறகு நடந்ததே முக்கியம். காலில் விழுந்தவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. இருபா இருபஃது என்ற நூலில் தம் குருவிடமே அடுக்கடுக்காகக் கேள்விகளை வைத்தார். சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பதினான்கு பிற மதங்களை அவற்றின் வாதங்களோடு எடுத்துவைத்து மறுத்தார். மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கில் இன்னொன்றான வினாவெண்பாவும், உமாபதி சிவம் தம் குரு மறைஞான சம்பந்தரை முன்னிறுத்தி எழுப்பிய வினாக்களால் ஆனது. அதே உமாபதியின் சங்கற்ப நிராகரணம் சக ஆண்டு 1235, அதாவது 1313ஆம் ஆண்டைத் தன்னுள்ளேயே குறிப்பிட்டுவிட்டு, ஒரு கொள்கையை அடுத்த கொள்கையைக் கொண்டு மறுத்துக்கொண்டே போகிறது. ஆக, சித்தாந்தத்தின் மூல நூல்களில் ஒரு பகுதி, ஏற்கெனவே படித்து முடித்தவர்கள் மறுபடி மாணவரானபோது எழுதியவை. உமாபதி தில்லை தீட்சிதர் குலத்தவர். சாதி பார்க்காமல் குருவைத் தேர்ந்ததால் ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் குடியேற நேர்ந்தது என்கிறது மரபு. பாதி வாழ்வில் மறுபடி மாணவராவதற்கு அவர் கொடுத்த விலை அது.

இதற்கும் முந்திய சான்று அப்பர். திருவாமூரில் பிறந்து, திருப்பாதிரிப்புலியூரில் இருந்த சமணப் பள்ளியில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு உயர்ந்து, நடுவயதில் திருவதிகைக்குத் திரும்பி, தமக்கை திலகவதியாரின் வழிகாட்டலில் சைவரானவர். அந்தச் சமணக் கல்வி நிலையம் புனைவல்ல. லோகவிபாகம் என்ற பிரபஞ்சவியல் நூலைச் சர்வநந்தி என்ற சமண முனிவர் பாடலிகை என்னும் ஊரில் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல் எழுதினார் என்று அந்நூலின் வடமொழி வடிவம் சொல்கிறது. அந்த ஊரை அறிஞர்கள் திருப்பாதிரிப்புலியூராகவே கொள்கிறார்கள். ஆக, அப்பர் போய்ச் சேர்ந்தபோது அங்கே இருந்தது தலைமுறைகள் கண்ட படிப்பு மரபு. அவர் எண்பத்தொரு வயது வாழ்ந்ததாகச் சொல்லும் வரலாறு, கற்றதைக் கைவிட்டு வேறொன்றைக் கற்ற ஒருவரின் வரலாறும்தான்.

படிக்காத அடியார் என்ற மறுப்பு

வலுவான ஒரு மறுப்பு இங்கே எழும். சைவத்தின் மையம் அன்பு, படிப்பு அன்று. கண்ணப்பர் எந்த நூலைப் படித்தார்? நந்தனாருக்கு யார் பாடம் சொன்னார்? ஞானசம்பந்தருக்கு மூன்று வயதில் சீர்காழிக் குளக்கரையில் பாலோடு ஞானம் வந்துவிட்டது. வாழ்நாள் கல்விக்கு அங்கே இடமே இல்லை. யூதருக்குப் படிப்பே வழிபாடு என்பதால் அந்த அளவுகோலைக் கொண்டுவந்து சைவத்தை அளப்பது நியாயமில்லை என்பார்கள் இந்த மறுப்பாளர்கள்.

இதில் பாதி உண்மை. பெரிய புராணத்தின் அடியவர்களில் நூற்கல்வியால் சிறந்தவர்கள் சிலரே. மண் சுமந்தவரும் விளக்கெரித்தவரும் அதிகம். ஆனால் மறுப்பின் மற்றப் பாதி நிற்காது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு நெறிகளில் ஞானத்தை உச்சியில் வைத்தது இதே மரபு. அந்த ஞானத்துக்குக் கேட்டலையும் சிந்தித்தலையும் வழியாக வைத்ததும் இதே மரபு. கண்ணப்பரைச் சொல்லி படிப்பைத் தள்ளிவைக்கும் வாதம், நடைமுறையில், படிக்க வாய்ப்பில்லாதவரைப் பார்த்து உனக்கு அன்பு போதும் என்று சொல்லும் வாதமாக மாறிவிடுகிறது. சொல்பவர்கள் பெரும்பாலும் தாம் படித்தவர்களாகவே இருக்கிறார்கள் என்பதையும் கவனிக்கலாம்.

ஓதுவதும் உணர்வதும்

நெடுங்காலம் நிலைத்த இன்னொரு நிலைப்பாடு, சமயக் கல்வி என்பது நூலைப் பிசகாமல் காப்பது என்பது. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. தில்லையில் பூட்டிய அறையில் செல்லரித்துக்கிடந்த ஏடுகளை மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டார்கள் என்பது திருமுறை கண்ட வரலாறு. நாதமுனிகள் பிரபந்தத்தைத் தொகுத்ததோடு நிற்காமல் தம் மருமக்கள் இருவருக்குப் பண்ணோடு கற்பித்தார். அச்சு இல்லாத காலத்தில் மனப்பாடமே நூலகம். முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு (பழைய தென்னார்க்காடு மாவட்டம், இன்று விழுப்புரம்) 340 மாணவர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்கும் கோயில் வழியாக நெல் அளந்த செய்தியைத் தருகிறது. அங்கே வேதம் ஓதுவோருக்கு அப்பால் இலக்கணமும் மீமாம்சையும் வேதாந்தமும் படித்த மேல்நிலை மாணவர்களும் இருந்தார்கள். பொருளுணரும் படிப்புக்கும் பொருளுதவி கிடைத்திருக்கிறது. ஆனாலும் அது முழுநேர மாணவருக்கான ஏற்பாடு; உழவருக்கும் வணிகருக்கும் அதில் பங்கில்லை.

ஓதற்கல்வியின் குறை அதன் வெற்றியிலேயே இருக்கிறது. அது தொழிலோடு பிணைந்தது. தில்லையில் பொதுதீட்சிதர் சிறுவர்கள் பூணூலுக்குப் பின் வேதமும் பூசை முறையும் கற்கிறார்கள். திருமணம் ஆன பிறகே பூசை உரிமை. தருமபுரம் போன்ற ஆதீனங்களின் தேவாரப் பாடசாலைகளில் பயின்றவர்கள் ஓதுவார்களாகக் கோயில்களுக்குப் போகிறார்கள். அனைத்துச் சாதியினருக்கும் அர்ச்சகர் பயிற்சி தர 2007இல் தமிழக அரசு தொடங்கிய பள்ளிகளும் இதே அச்சில் வார்த்தவை: இளைஞர், குறிப்பிட்ட காலம், சான்றிதழ், வேலை. பயின்றவர்களுக்குப் பெரிய அளவில் பணி நியமனம் கிடைக்க 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது வேறு கதை. உரிமை என்ற அளவில் அந்தப் பள்ளிகள் பெரும் மாற்றம். வாழ்நாள் கல்வி என்ற அளவில் அவை பழைய பாடசாலையையே தொடர்கின்றன.

2008 மார்ச்சில் சிதம்பரம் திருச்சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடும் உரிமைக்காக முதிய ஓதுவார் ஆறுமுகசாமி போலீஸ் பாதுகாப்போடு ஏறியதை நாடே பார்த்தது. யார் பாடலாம், எங்கே நின்று பாடலாம், எந்த மொழியில் என்பவை நியாயமான கேள்விகள். பாடலின் பொருளை யார் யாருக்குக் கற்பிக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் அந்தப் பரபரப்பில் எந்தத் தரப்பிலும் பெரிதாகக் கேட்கவில்லை.

நாவலரின் பள்ளி, வள்ளலாரின் சாலை

19ஆம் நூற்றாண்டில் விடைகள் திடீரென்று பெருகின. காரணம் கிறித்தவ மிஷன் பள்ளி. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், மிஷன்களின் வெற்றி எதில் இருக்கிறது என்பதை உள்ளிருந்தே பார்த்தவர். பள்ளி, அச்சகம், பிரசங்கம் ஆகிய மூன்றையும் அப்படியே சைவத்துக்கு எடுத்துக்கொண்டார். வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் 1847 டிசம்பர் 31 அன்று முதல் பிரசங்கம். அடுத்த ஆண்டே அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலை. 1864இல் அதே பெயரில் சிதம்பரத்தில் ஒரு பள்ளி. பாலபாடங்கள் சிறுவருக்கு, உரைநடைப் பெரிய புராணம் பெரியவருக்கு, சைவ வினாவிடை எல்லாருக்கும். வயதுக்கேற்பப் பாடநூல் என்ற திட்டத்தை இவ்வளவு தெளிவாக அதற்கு முன் இங்கே யாரும் வகுத்ததில்லை.

ஆனாலும் சைவ வினாவிடையை வினாவெண்பாவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடைவெளி புலப்படும். வினாவெண்பாவில் கேட்பவன் மாணவன். இருளும் ஒளியும் ஓரிடத்தில் எப்படிச் சேர்ந்திருக்கும் என்பது போன்று குருவையே நெருக்கும் கேள்விகள் அதில் உண்டு. நாவலரின் நூலில் வினா ஆசிரியருடையது; பதில் அச்சில் தயாராக இருக்கிறது; மாணவனின் வேலை அதை மனத்தில் ஏற்றுவது. புராட்டஸ்டண்ட் வினாவிடை நூல்களின் அமைப்பு அது. நாவலரைக் குறைசொல்லும் நோக்கம் இங்கில்லை. மதமாற்ற நெருக்கடியில் இருந்த குழந்தைகளுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது உறுதியான பதில்தான்; அதை அவர் கொடுத்தார். சிறுவருக்காக ஆக்கிய அந்த வடிவமே பெரியவருக்கும் போதும் என்று பின்வந்த சபைகள் நினைத்ததுதான் சிக்கல்.

நாவலருக்கு நேர் எதிர்த்திசையில் நின்றவர் வள்ளலார் என்ற இராமலிங்க அடிகள். 1823இல் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தவர். முறையான பள்ளிப் படிப்பு அவருக்கு அமையவில்லை. அவர் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று எழுந்த பகை 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது தெரிந்த செய்தி. கல்வி பற்றிய அவர் பார்வைதான் நமக்கு வேண்டியது. 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலை. முதலில் பசிக்குச் சோறு. அதையொட்டிச் சன்மார்க்க போதினி என்ற பாடசாலை. தமிழ், வடமொழி, ஆங்கிலம் மூன்றையும் சிறுவர் முதல் முதியவர் வரை கற்பிப்பது அதன் திட்டம். முதியவர் கல்வி என்ற சொல் அரசுக் கோப்புகளில் ஏறுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னால், ஒரு கிராமத்தில், சமயச் சூழலில் இப்படி ஓர் எண்ணம் பிறந்திருக்கிறது. இந்த வட்டாரத்தின் வரலாற்றில் வாழ்நாள் கல்விக்கு மிக நெருங்கி வந்த திட்டம் இதுவே.

அது வேர்விடவில்லை. ஆதரவாளர் குறைவு என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது. அடிகளின் சிந்தனையே வேறு பக்கம் நகர்ந்தது. 1872 சனவரியில் சத்திய ஞான சபை திறந்தது. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் செய்த பேருபதேசத்தில் வேதம், ஆகமம், புராணம் எதிலும் இலட்சியம் வைக்க வேண்டாம் என்றார். அனுபவமே அளவுகோல் என்றான பின் நூற்கல்விக்கு இரண்டாம் இடந்தான். இன்றும் வடலூரில் 1867இல் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது. தைப்பூசத்துக்கு இலட்சக்கணக்கானோர் ஜோதி பார்க்க வருகிறார்கள். பாடசாலை அந்த அளவுக்கு நினைவில்கூட நிற்கவில்லை.

ஞானியார் மடத்து மேடை

திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் மடம் வீரசைவ மடம். அதன் ஐந்தாம் பட்டத்து அடிகள், ஞானியாரடிகள் என்றே தமிழுலகம் அறிந்தவர், 1889இல் பதினாறு பதினேழு வயதில் பட்டமேற்று 1942இல் மறையும் வரை அரை நூற்றாண்டுக்கு மேல் கற்பித்தார், பேசினார். மடத்தில் வாணிவிலாச சபை கண்டார். 1905இல் சைவ சித்தாந்த மகா சமாசம் அவர் தலைமையில் அம்மடத்தில் உருவானது. பின்னாளில் மறைமலையடிகள் ஆன நாகை வேதாசலம் பிள்ளை அதில் செயலாளராக உழைத்தார். வீரசைவ மடம் ஒன்று சித்தாந்த சைவர்களின் பேரவைக்குத் தாய்வீடானது தனியே கவனிக்கத் தக்கது.

இந்தக் காலத்தில் பெரியவர்களின் சமயக் கல்வி முழுக்க மேடைக்கு வந்தது. ஊர் ஊராக ஆண்டு விழா, தொடர் விரிவுரை, கந்தபுராணமும் பெரிய புராணமும் மாதக்கணக்கில். இதன் பயனை மறுப்பதற்கில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் நுட்பமான தத்துவம் போய்ச் சேர்ந்தது. தமிழ் உரைநடையே இந்த மேடைகளில் பண்பட்டது. கல்வி கற்காதவனும் கேட்க வேண்டும் என்ற பழைய தமிழ் எண்ணத்துக்கு இதைவிட நல்ல செயல்வடிவம் சொல்வது கடினம்.

ஆனாலும் கேட்பவர் ஐம்பதாண்டு கேட்டாலும் கேட்பவராகவே இருந்தார். மேடையில் பேசியவருக்கும் கீழே அமர்ந்தவருக்கும் இடையே கேள்வி ஏறி இறங்கும் படி இல்லை. விதிவிலக்குகளும் உண்டு. மாவட்ட முன்சீபாக வேலை பார்த்த ஜே.எம். நல்லசாமிப் பிள்ளை, துறவியோ குலவழி ஆசிரியரோ அல்லர். 1895இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் தந்து, 1897இல் தொடங்கிய சித்தாந்த தீபிகை இதழில் வாதப் பிரதிவாதங்களை நடத்தினார். அலுவலகம் விட்டு வந்து சாத்திரம் படித்த மனிதரின் சிறந்த எடுத்துக்காட்டு அவர். ஆனால் அவர் சென்ற வழியில் போக ஆங்கிலக் கல்வியும் அச்சேறும் வசதியும் வேண்டியிருந்தன. இன்னொன்றும் சேர்த்தே சொல்ல வேண்டும்: சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய மாபாடியம், சிவஞானபோதத்தை ஆழ்ந்து கற்பவருக்கு இன்றியமையாத உரை, திருவாவடுதுறை ஆதீனத்தில் நெடுங்காலம் காப்பில் இருந்து 20ஆம் நூற்றாண்டில்தான் அச்சுக்கு வந்தது. நூலே கைக்கு வராதபோது சிந்தித்தலுக்கு ஏது வழி?

யூத மரபோடு ஒப்பிட்டால்

யூத மரபு இதே சிக்கலை வேறு விதமாக அவிழ்த்தது. இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, சட்ட விவாதத் தொகுப்பான தால்மூதின் ஒரு பகுதியைச் சத்தமாகப் படித்து, ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்து முன்னேறுவது அவர்களின் அடிப்படைப் படிப்பு முறை. கிழக்கு ஐரோப்பிய நகரங்களில் தொழிலாளர் சங்கங்களே படிப்புக் குழுக்களாகவும் இயங்கின. பெர்டிச்சேவ் நகரத்து விறகுவெட்டிகள், தால்மூதின் மூலநூலான மிஷ்னாவைப் படிக்க வைத்திருந்த சங்கத்தின் முத்திரை பதித்த ஒரு நூல் பிற்காலத்தில் கிடைத்தது. 1923இல் வியன்னா மாநாட்டில் ரபி மேயர் ஷபீரோ, உலகெங்கும் யூதர் எல்லாரும் ஒரே நாளில் தால்மூதின் ஒரே தாளைப் படிக்கும் திட்டத்தை முன்வைத்தார். 2,711 தாள், ஏழரை ஆண்டுக்குச் சற்று குறைவாக ஒரு சுற்று, முடிந்ததும் மறுநாளே அடுத்த சுற்று. பதினான்காம் சுற்று 2020 சனவரியில் தொடங்கியது. ரயிலில் வேலைக்குப் போகும் கணக்காளரும் அதில் மாணவர்.

இதை அப்படியே போற்றிவிட முடியாது. அந்தக் கடமை பல நூற்றாண்டுகள் ஆண்களுக்கு மட்டுமானது. சாரா ஷெனிரர் என்ற தையல்காரப் பெண் 1917இல் கிராக்கோவில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கியதே பெரும் புதுமை. படிப்பாளிக்கே பெருமை என்ற மரபில், உழைத்துக் களைத்துப் படிக்க முடியாதவர் தாழ்வுற்றதும் உண்டு. நமக்கு அருகே கொச்சியில் 1568இல் பரதேசி ஜெப ஆலயத்தைக் கட்டிய யூதச் சமூகத்தில், பெண்கள் விவிலியக் கதைகளையும் தம் ஊர் வரலாற்றையும் மலையாளப் பாட்டுகளாகப் பாடி, கையெழுத்து ஏடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். சட்டம் கல்விக் கடமை விதிக்காத பெண்கள் தாமே அமைத்துக்கொண்ட வாழ்நாள் கல்வி அது. சட்டமும் வாழ்வும் ஒன்றல்ல என்பதற்கு வேறு சான்று தேடிப் போக வேண்டியதில்லை.

சைவத்தில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது திருமுறை முற்றோதல். குழுவாகக் கூடித் திருவாசகத்தின் 51 பகுதிகளையும் ஒரே நாளில் ஓதி முடிப்பது, பன்னிரு திருமுறையையும் பல மாதங்களில் ஓதி நிறைவு செய்வது என்று அது கடலூர் மாவட்டத்திலும் பரவியிருக்கிறது. பெண்கள் அதில் திரளாக முன்நிற்பது கண்கூடு. தொடர்ச்சி, கூட்டம், சுற்று முடித்து மறுபடி தொடங்குவது ஆகிய மூன்றிலும் அது யூதரின் தினப்படிப்பை ஒத்தது. வேறுபாடு ஒன்றே: முற்றோதலில் நின்று கேட்க நேரமில்லை. ஓதி முடிப்பதே பேறு. இந்த இடைவெளியை நிரப்ப முயல்வது திருவாவடுதுறை ஆதீனத்தின் சைவ சித்தாந்த நேர்முகப் பயிற்சி மையங்கள். இரண்டாண்டுப் படிப்பு, மாதந்தோறும் வகுப்பு, பல ஊர்களில் மையம். வேலையில் இருப்பவர்களும் இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்றவர்களும் சாத்திரத்தைப் பாடமாகவே படிக்கிறார்கள். நாவலருக்குப் பின் பெரியவர் கல்வியில் நடந்த உருப்படியான முயற்சி என்று இதைச் சொல்லலாம். இரண்டாண்டு முடிந்து சான்றிதழ் கைக்கு வந்த மறுமாதம் அந்த மாணவர் எங்கே போகிறார் என்பதுதான் அதன் எல்லை.

யாருக்கு வாசல்

வாழ்நாள் கல்வி பற்றிய பேச்சு எல்லாம், வாசலுக்குள் நுழைந்தவரைப் பற்றியதாகவே போய்விடும் ஆபத்து உண்டு. சிதம்பரத்தில் அந்த வாசலே வழக்கு. நந்தனார் தீயில் மூழ்கியதாகச் சொல்லப்படும் ஓமக்குளத்தருகே சுவாமி சகஜானந்தர் 1916இல் தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். ஆரணிப் பக்கத்தில் பிறந்து, துறவேற்று, வடமொழியும் தமிழும் சாத்திரமும் கற்று, பின்பு சட்டமன்றத்திலும் பேசிய அவர் 1959இல் மறைந்தார். அவருடைய நிலைப்பாடு தனித்தன்மை உடையது. நந்தனை வணங்கிவிட்டு நந்தனின் குலத்தாரை வெளியே நிறுத்தும் வழக்கத்துக்கு, அதே நந்தன் பெயரில் பள்ளி கட்டியது அவர் தந்த பதில். சமயக் கல்வியையும் உலகக் கல்வியையும் அவர் பிரிக்கவில்லை. எழுத்தறிவே மறுக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பிரிவினை ஆடம்பரம்.

சகஜானந்தரை எதிர்த்தும் ஒரு வாதம் உண்டு: சமயச் சட்டகத்துக்குள்ளேயே விடுதலையைத் தேடியது போதுமானதா என்பது. பெரியார் இயக்கமும் அம்பேத்கரியரும் இந்தக் கேள்வியை அழுத்தமாகவே வைத்தார்கள். சமயக் கல்வியை வாழ்நாள் கடமை ஆக்கினால் அது வாழ்நாள் கீழ்ப்படிதலாகவும் ஆகலாம் என்ற எச்சரிக்கை அதில் அடங்கியிருக்கிறது. இதற்குச் சித்தாந்த மரபு தரக்கூடிய நேர்மையான பதில் உமாபதியின் வாழ்க்கைதான். ஆனால் கொற்றவன்குடிக்கு அவரை அனுப்பிய ஊரும் அதே மரபைச் சேர்ந்தது. கல்வி கீழ்ப்படிதலாக மாறாமல் இருக்க வேண்டுமானால், மாணவன் கேள்வி கேட்பதற்கும் குருவை விட்டு விலகுவதற்கும் இடம் வேண்டும். சிந்தித்தல் என்ற படியை நடைமுறையில் விட்டுவிட்ட அமைப்புகளுக்கு எதிராக இந்த எச்சரிக்கை கூர்மையாகவே பாய்கிறது.

தீராமல் நிற்பவை

மேலே கண்ட நிலைப்பாடுகளில் எதுவும் முற்றாகத் தோற்றுவிடவில்லை. ஓதற்கல்வி நூலைக் காத்தது; நாவலர் திட்டம் குழந்தைகளைக் காத்தது; மேடை எழுத்தறியாதவரைச் சேர்த்துக்கொண்டது; வடலூர் படிப்புக்கு முன் பசியை வைத்தது. இல்லறத்தார் ஒருவர் முப்பது வயதில் தொடங்கி எழுபது வயது வரை ஒரே நூலோடு மல்லுக்கட்டும் ஏற்பாடு மட்டும் தனிமனிதர்களின் சாதனையாகவே நின்றுவிட்டது. இரண்டு பேர் ஒரு நூலின் முன் உட்காரும் வழக்கம் இங்கே வேர்பிடிக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. குரு வாக்கை மறுத்துப் பேசுவதில் நமக்குள்ள தயக்கம் பெரிது. இருபா இருபஃதை மனப்பாடம் செய்பவர்கள்கூட அதன் பாணியில் ஆசிரியரிடம் கேட்டுவிடுவதில்லை.

இன்னும் கடினமானது, சொல்லித்தரும் தகுதி யாருக்கு என்பது. ஆதீன வழியில் தீட்சை பெற்றவரே சாத்திரம் சொல்லலாம். சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் சைவ சித்தாந்தத் துறைகளிலோ ஆசிரியருக்கு வேண்டியது பட்டம். தீட்சையோ நம்பிக்கையோகூட நிபந்தனை அல்ல. முதல் வழியில் மரபின் உள்ளுணர்வு காக்கப்படலாம், ஆனால் ஆசிரியர் எண்ணிக்கை சுருங்கும். இரண்டாம் வழியில் வாசல் அகலும், ஆனால் படிப்பு ஆராய்ச்சியாகி வாழ்விலிருந்து விலகலாம். பெண்கள் முற்றோதல் குழுக்களை நடத்துகிறார்கள். 2021இல் சென்னை மாடம்பாக்கம் கோயிலில் ஒரு பெண் ஓதுவாராக நியமனம் பெற்றார். சாத்திரப் பாடம் சொல்லும் ஆசிரியராகப் பெண்களை ஆதீன மையங்கள் எந்த அளவுக்கு ஏற்கும் என்பது இந்த விவாதத்தின் அடுத்த கட்டம். கடலூர் மாவட்டத்தில் அந்த ஏற்பு எங்கேனும் முதலில் நடக்குமானால், திலகவதியார் விளக்கேற்றிய திருவதிகை பக்கத்திலேயே இருக்கிறது என்பதை எதிர்ப்பவர்கள் மறந்துவிட்டு வாதாட முடியாது.